வெட்டாமல் ஏற்றித் தருவதாகச் சொன்ன எஞ்சின்

மண்ணெண்ணெய் சரியாக எரியாமல் போனால் ஒரு மணம் வரும். மூக்கால் ஏறி, கண்ணுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொள்ளும். வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்பக்கச் சந்துக்குள் ஒரு தேத்தண்ணிக் கடை. காஸ் இல்லாமல் நாடு வரிசையில் நின்ற காலத்தில் வாங்கிய மண்ணெண்ணெய் அடுப்பை அந்தக் கடைக்காரர் இன்னும் கைவிடவில்லை. அவர் திரியைக் கீழே இறக்குகிற ஒவ்வொரு முறையும், மர வாங்கில் பிளேன்ரீயோடு இருக்கிற எனக்குள் ஒரு கார் இருமிக்கொண்டு எழும்பும். பிறகு குடிக்க ஏலாது. கோப்பையை வைத்துவிட்டு நடப்பேன். போக ஓர் இடம் இருந்து நடப்பதில்லை. இருந்த இடத்தில் இருக்க முடியாதவன் நான், அவ்வளவுதான்.

அந்தக் கார் அத்தானுடையது. அத்தான் என்றால் என் அக்காவின் புருசன். மாங்குளத்திலிருந்து துணுக்காய்ப் பக்கம் போகிற வீதியில், குளத்துக்குக் கீழே அவர்களின் வீடும் வளவும். அத்தான் அந்தக் காரை வாடகைக்கு ஓடிப் பிழைத்தார். பழைய இங்கிலீஷ் கார், ஏ-40; எங்கள் வாயில் ஏ-போட்டி. பாசி பிடித்த கிணற்றுச் சுவரின் நிறம். முதுகு வளைந்த உருண்டை உடம்பு. யுத்தத்தில் அரசாங்கம் வன்னிக்குப் போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலை இருமல் மருந்து மாதிரி மூடிக்கணக்கில்தான் பார்த்தோம். கார் மண்ணெண்ணெயில் ஓடியது. ஆசுபத்திரியில் எறிந்த சேலைன் போத்தலுக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு, பொனற்றுக்குக் கீழே தொங்கவிட்டு, குழாயால் சொட்டுச் சொட்டாக ஊட்டினால்தான் எஞ்சின் கண் திறக்கும். திறந்த கையோடு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். பின்னால் வெள்ளைப் புகை சேலை விரித்த மாதிரிப் போகும். எங்கள் பக்கத்தில் அந்த வருசங்களில் தாலி கட்டிக்கொண்ட பெண்கள் எல்லாரும் மல்லிகையும் மண்ணெண்ணெயும் கலந்து மணந்தார்கள். அத்தான் அதைப் பெருமையாகச் சொல்வார்: “என்ர காரில ஏறாமல் இந்தப் பக்கத்தில ஒருத்தியும் கலியாணப் பொம்பிளை ஆனதில்லை.”

“உந்த மணத்துக்கே பொம்பிளைமார் அழுதவை. ஆக்கள் பிரிவுத் துயரம் எண்டு நினைச்சவை,” என்பான் மருமகன்.

மருமகன் அவர்களுடைய ஒரே பிள்ளை. நான் அவனுக்கு மாமா. தகப்பனின் வாயைச் சீண்டுவதற்கென்றே பிறந்தவன். சின்ன வயதில் அந்தக் காரின் முன் சீற்றில், தகப்பனுக்கும் தாய்க்கும் நடுவில் இருந்துதான் எல்லா இடமும் போவான். கியர்த் தடி ஸ்டியரிங்கோடு சேர்ந்து இருந்ததால் முன் சீற் ஒரே நீளமாக, தடங்கல் இல்லாமல் கிடக்கும். கால் நிலத்தில் முட்டும் வயது வந்த பிறகும் அந்த நடு அவனுடைய இடம்.

யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வு தொடங்கியபோது கார் படுத்துக் கிடந்தது. பின் அச்சு உடைந்து, மாற்றுச் சாமான் வராமல், மாமரத்துக்குக் கீழே கல்லில் ஏற்றி வைத்திருந்தார்கள். அத்தானும் அக்காவும் உழவு இயந்திரப் பெட்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு முன்னதாகவே விசுவமடுவுக்குப் போய்விட்டார்கள். மருமகன் கூட்டாளி ஒருத்தனோடு பின்னுக்கு நின்றான். காரைக் கொண்டுபோக முடியாது. எஞ்சினை விட்டுவிட்டுப் போனால் வருகிறவன் கழற்றிக்கொண்டு போய்விடுவான். அதனால் அந்த நாட்களில் எங்கள் சனம் தையல் மெசினையும் தண்ணிப் பம்பையும் செய்த மாதிரியே அவர்களும் செய்தார்கள். எஞ்சினைக் கியர் பெட்டியோடு கழற்றி, கிறீஸ் பூசி, உரப்பையிலும் பொலித்தீனிலும் சுற்றி, வளவுக்குள் புதைத்தார்கள். பிறகு சைக்கிளில் விசுவமடுவுக்கு வந்து சேர்ந்தார்கள். தறப்பாள் கொட்டிலுக்குள் சோறு தின்றுகொண்டு மருமகன் சொன்னது எனக்கு நேற்றுப்போல் கிடக்கிறது. நானும் அந்தக் கொட்டிலில்தான் இருந்தேன்.

“புதைச்சாச்சு அப்பா. ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான்.”

“எங்கை?”

“உங்களுக்குச் சொன்னால் நாளைக்கு விசுவமடுச் சந்தைக்கே தெரிஞ்சிடும். வாயை வைச்சுக்கொண்டு இருக்க மாட்டியள். திரும்பிப் போகேக்கை நான்தான் எடுத்துத் தருவன்.”

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஊரில் எல்லா வீட்டிலும் அப்போது ஒரே பிழைதான் நடந்தது. புதைத்தவனுக்கு மட்டும் இடம் தெரியும். திரும்பி வரும்போது எல்லாரும் சேர்ந்தே வருவோம் என்று நினைத்துக்கொண்டு யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை.

விசுவமடுவும் பறிபோய், சனம் கிழக்கே கிழக்கே நெருக்கப்பட்டு, கடல் தெரிகிற இடத்துக்கு வந்த பிறகு ஒரு காலமை, தண்ணி பார்த்துவிட்டு வாறன் என்று வெறும் கானோடு போன மருமகன் வரவில்லை. கூட்டாளி அதற்கு முதலே ஷெல் விழுந்து போய்விட்டான், எங்கள் கண் முன்னால். மருமகனை யாரும் கண் முன்னால் பார்க்கவில்லை. செத்ததைக் கண்டவனும் இல்லை, உயிரோடு கண்டவனும் இல்லை. அக்கா அதற்குப் பிறகு எத்தனையோ முகாம் படலைகளில், அவனுடைய படத்தோடு நின்றாள். அதை நான் எழுத மாட்டேன். எழுதிப் பார்த்திருக்கிறேன். சொல் எல்லாம் வரிசையில் நின்று களைத்துப் போகிறது.

யுத்தம் முடிந்து மீளக் குடியேறப் போனபோது வளவு வளவாக இல்லை. கண்ணி வெடி எடுக்க வந்தவர்கள் எந்திரத்தால் மேல்மண்ணைப் புரட்டியிருந்தார்கள். மாமரம் இல்லை. வேலி இல்லை. கிணறு மட்டும் கிடந்தது. காரை யாரோ இழுத்து ஓரத்தில் தள்ளியிருந்தார்கள். ரயர் இல்லை, கண்ணாடி இல்லை, கூரையில் சின்னச் சின்ன ஓட்டைகள். உள்ளே வெயில் புள்ளி புள்ளியாகச் சீற்றில் விழுந்துகொண்டிருந்தது. பொனற்றைத் தூக்கினால் அந்த வெறும் குழி. அக்கா அதற்குள் குனிந்து பார்த்து, குருவி கட்டிய கூட்டை எடுத்து வெளியே வைத்தாள்.

“இருக்கட்டும். அவன் வந்து எடுத்து மாட்டட்டும்,” என்றாள்.

அத்தான் கிண்டத் தொடங்கினார். கண்ணி வெடிக்காரரில் ஒரு பெடியன் இரக்கப்பட்டு, இரும்பு கண்டுபிடிக்கிற கருவியைக் கொண்டுவந்து வளவெல்லாம் பிடித்துப் பார்த்தான். அது கத்தத் தொடங்கினது கத்திக்கொண்டே இருந்தது. எங்கே பிடித்தாலும் கத்தியது. “ஐயா, உங்கட மண்ணில மண்ணைவிட இரும்புதான் கூட,” என்று சொல்லிவிட்டுப் போனான். ஆகவே அலவாங்கும் மண்வெட்டியும்தான். ஒவ்வொரு வருசமும் நெல்லு வெட்டி முடிந்து, மண் இறுகுவதற்கு முன்னால், அக்கா கேட்பாள்: “இந்த முறை எங்கை கிண்டப் போறியள்?” அத்தான் ஓர் இடத்தைக் காட்டுவார். கிண்டுவார். ஒன்றும் இருக்காது. வெட்டின கிடங்கை வீணாக்கக்கூடாது என்று ஒரு தென்னம்பிள்ளையை நடுவார். இப்படியே வளவு முழுக்கத் தென்னை வந்துவிட்டது. வரிசை இல்லை, இடைவெளி இல்லை. சந்தியில் கூடி நிற்கிற கும்பல் மாதிரி. விவசாயத் திணைக்களத்திலிருந்து வந்த உத்தியோகத்தர் ஒருவர் பார்த்துவிட்டு, “ஆர் ஐயா உங்களுக்குத் தென்னை நடச் சொல்லித் தந்தது?” என்று கேட்க, அத்தான் “என்ர மகன்” என்றாராம்.

கிணற்றடி மூலையில் நிற்கிற மரம்தான் முதலில் வளர்ந்தது. அதில் மட்டும் அத்தான் காய் பிடுங்க விடமாட்டார். “அது விதைக்கு விட்ட மரம்,” என்பார். காய் தானாக முற்றி விழ வேண்டும். விழுந்ததைத்தான் அடுத்த கிடங்குக்குப் பிள்ளையாக வைப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் போன வருசம் அத்தான் எனக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, எஞ்சின் ஒண்டு கிடைச்சிருக்கு.”

“கிண்டி எடுத்திட்டியளோ?”

“இல்லை. வேறை. ஏ-ஒன்பது ரோட்டில ஒரு ஜப்பான் வான் மரத்தோட அடிபட்டது. முன்னுக்கு ஒண்டுமில்லை, எஞ்சினும் கியர் பெட்டியும் தங்கம் மாதிரிக் கிடக்கு. டீசல். எங்கட காருக்குள்ள ஏத்தலாமாம். மாங்குளத்து மெக்கானிக் பாஸ் சொல்லுறான்.”

“அக்கா என்ன சொல்லுறா?”

“அதுக்குத்தான் உன்னை வரச் சொல்லுறன்.”

பின்னேரமே அக்காவும் எடுத்தாள். “உன்ர அத்தானுக்கு விசர். வந்து நிப்பாட்டு.” நான் பஸ் ஏறினேன். எதற்காகவாவது பஸ் ஏற எனக்குக் காரணம் தேவைப்பட்டதே இல்லை. ஆனால் இந்த முறை யன்னலோரம் இருந்தும் ஒரு மரத்தையும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஒரு வெறும் குழிக்காகச் சண்டை பிடிக்கிறார்கள், அந்தக் குழி நிரம்பினால் என் அக்கா எதைப் பார்த்துக்கொண்டு இருப்பாள் என்பதுதான் தலைக்குள் ஓடியது. அந்தக் கார் எஞ்சின் இல்லாமல் நிற்கும் மட்டும் மருமகனுக்குத் திரும்பி வந்து செய்ய ஒரு வேலை இருந்தது.

குசினி வாசலில் குந்தியிருந்து அக்கா கடைசியாக ஒரு சம்மதம் சொன்னாள். சம்மதம் என்றும் சொல்ல முடியாது. நிபந்தனை.

“போடுங்கோ. ஆனால் காரில ஒண்டும் வெட்டக்கூடாது. பழசு வந்தால் பழசு திரும்ப ஏறோணும். அப்பிடியெண்டால் போடுங்கோ.”

“வெட்ட மாட்டினம்,” என்றார் அத்தான்.

“பாஸிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறதை நான் நம்பேல்லை.”

பாஸ் என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்த மெக்கானிக்கின் பெற்றோர் மலையகத்தில் இருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்தவர்கள். அவன் பிறந்தது இங்கேதான். வாய் மட்டும் பாதி மலையில் நிற்கும். மாங்குளத்தில் றெயில் பாதைக்குக் கிட்ட தகரக் கொட்டில். பெரிய வாய்க்காரன். பாட்டுப் பெட்டியைவிடச் சத்தமாகப் பாடுவான். அத்தான் கொட்டிலுக்குப் போய், அக்காவுக்குப் போன் எடுத்து அவன் காதில் வைத்தார்.

“அம்மா, ஒரு தகரத்தில கை வைக்க மாட்டேன். அப்படியே உக்கார வெச்சுத் தாறேன். பூனைக்குட்டியக் கூடைக்குள்ள வைக்கிற மாதிரி. நீங்க நிம்மதியா இருங்க.”

அவன் நூல் பிடித்து அளந்திருந்தான். கடையில் பார்சல் கட்டுகிற வெள்ளை நூல், இடையிடையே முடிச்சு. மீற்றர் நாடா பொய் சொல்லும், நூல் பொய் சொல்லாது என்பது அவனுடைய சித்தாந்தம். எஞ்சினின் உயரத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு, பெட்டியோடு சேர்த்து நீளத்துக்கு ஒன்று. வளவுக்கு வந்து அந்த நூலைக் காரின் குழிக்குள் விட்டுக் காட்டினான். எல்லாம் பொருந்தியது. இடமும் மிஞ்சியது.

இரவல் சில்லுகளை மாட்டி, காரை உழவு இயந்திரத்தில் கட்டி மாங்குளத்துக்கு இழுத்தோம். ஸ்டியரிங்கில் அத்தான். வீதியில் நின்றவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். எதற்கென்று அவருக்கே தெரியாமல் கழற்றியிருப்பார்.

முதல் நாட்கள் நல்ல நாட்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அத்தானும் பாஸும் காருக்குக் கீழே கிடந்து ஒருத்தரையொருத்தர் ஏசிக்கொண்டே வேலை செய்தார்கள். உடைந்து உக்கிப்போன பின் அச்சை எடுத்துவிட்டு வானின் அச்சைப் போட்டு, எங்கேயோ கிடைத்த பழைய கண்ணாடிகளையும் பூட்டினார்கள். கியர் பெட்டியிலிருந்து பின்சில்லுக்குப் போகிற நீளத் தண்டை வானில் இருந்து எடுத்துக் குறுக்கி ஒட்டினார்கள். காருடைய பழைய தண்டைத் துணி சுற்றிக் கட்டி, “இது அம்மாவோட சாமான், தொடக்கூடாது” என்று பாஸ் மேலே பரணில் செருகினான்.

“அண்ணே, இந்தக் காரில உள்ள தகரத்தில ரெண்டு பஸ் செய்யலாம்.”

“உன்ர பஸ்ஸில ஏறுறவன் ஆர்?”

“நீங்கதான். உங்களுக்குத்தான் அவசரம் இல்லையே.”

அத்தான் சிரித்ததை நான் எத்தனையோ காலத்துக்குப் பிறகு பார்த்தேன். சிரிக்கும்போது இருமல் வந்து, இருமல் நிற்காமல், ஓரமாகப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை நடுங்கியது. நட்டுச் சாவி விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தபோது, “அலவாங்கு பிடிச்ச கை,” என்று மட்டும் சொன்னார்.

எஞ்சினை இறக்கிய நாள். மூன்று மரத்தைக் கூட்டிக் கட்டி, செயின் புளொக்கில் தொங்கவிட்டு, பாஸ் சங்கிலியைக் கிறு கிறு என்று விட, அந்தக் கறுத்த உருப்படி வெயிலுக்குள் மெல்லச் சுற்றிக்கொண்டு இறங்கியது. பாதி இறங்கி நின்றுவிட்டது. பாஸ் தள்ளினான். அசைத்தான். கீழே புகுந்து பார்த்தான். பாட்டை நிற்பாட்டினான்.

பிழை நூலில் இல்லை. வானுக்குள் அந்த எஞ்சின் சீற்றுக்குக் கீழே ஒருபக்கமாகச் சரிந்து படுத்திருந்திருக்கிறது. இவன் படுத்திருந்ததைப் படுத்தபடியே அளந்துவிட்டான். காருக்குள் அது நிமிர்ந்து இருக்க வேண்டும். நிமிர்ந்தால் அடிவயிறு, முன்சில்லுகளுக்கு நடுவால் போகிற குறுக்குச் சட்டத்தில் முட்டுகிறது. உயர்த்தி வைத்தால் பொனற் மூடாது.

“என்னடா இது?” என்றார் அத்தான்.

“கொஞ்சம் வெட்டணும் அண்ணே.”

“எதை?”

பாஸ் குறுக்குச் சட்டத்தில் தட்டினான். அதன் மேல் இரண்டு இரும்புக் காதுகள் நீட்டிக்கொண்டிருந்தன. பழைய எஞ்சின் அந்தக் காதுகளில்தான் இருந்தது. வெட்டினால் அவை போய்விடும். பிறகு பழைய எஞ்சினுக்கு அந்தக் காரில் குந்த இடமில்லை.

“பொனற்றில ஓட்டை போடலாமே,” என்றேன் நான்.

“மழைத் தண்ணி உள்ள போகும் அண்ணே. ஓடுற எஞ்சின்.”

அப்போதுதான் சோற்றுப் பார்சல்களோடு அக்கா பஸ்ஸால் இறங்கி வந்தாள். தொங்கிக்கொண்டிருக்கிற எஞ்சினைப் பார்த்தாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள். பார்சலை வைத்துவிட்டுக் காருக்குக் கிட்டப் போய், சேலைத் தலைப்பால் கை துடைத்துக்கொண்டு, குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“முட்டுதோ?”

“ஓம் அம்மா.” பாஸ் பாதி எங்கள் தமிழில் சொன்னான், மரியாதைக்கு. “நான் பிழையா அளந்திட்டேன். மன்னிக்கணும். வேணாம்னா இப்பவே தூக்கிடலாம். ஒண்டும் வெட்டேல்லை இன்னும்.”

“வெட்டினால் பழசு ஏறாது, என்ன?”

“ஏறாதும்மா.”

நான் அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நிற்பாட்டிவிடலாம் என்றும் நினைத்தேன். அவள் அத்தானைப் பார்த்தாள். அத்தான் சாவியைப் பிடித்திருந்தார். அந்தச் சாவி அவர் கையில் நடுங்கிக்கொண்டே இருந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ. இந்த வருசமும் உங்களாலை கிண்ட ஏலுமோ?”

“ஏலாது.” அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அப்ப வெட்டச் சொல்லுங்கோ.”

பாஸ் வெட்டினான். பொறி பறந்தது. எரிந்த இரும்பு மணத்தது. காதுகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நிலத்தில் விழுந்தன. அக்கா அவற்றை ஆற விட்டு, ஒரு பழைய பேப்பரில் சுற்றித் தன் பைக்குள் போட்டாள். யாரும் எதற்கென்று கேட்கவில்லை. எஞ்சின் இறங்கியது. பூனைக்குட்டி கூடைக்குள் இறங்குகிற மாதிரித்தான்.

அதோடு முடியவில்லை. வானின் கியர்த் தடி தரையில் இருந்து எழும்புவது. முன் சீற்றுக்கு நடுவில் வரும். சீற்றை நடுவால் வெட்ட வேண்டும் என்று பாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான். இந்த முறை அக்கா யோசிக்கவில்லை.

“வெட்டாதேங்கோ. அந்த உறை நான் தைச்சது. தையலைப் பிரிச்சுத் தாறன்.”

காரின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, படியில் குந்தி, சிறிய கத்தரிக்கோலால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். அவளுக்குக் கண் சரியில்லை. விரலால் தடவித் தடவிப் பிரித்தாள். உறைக்குக் கீழே தும்பு உக்கி, நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. ஆள் இருந்து இருந்து வந்த பள்ளமா, மழை விழுந்து வந்ததா, யாருக்குத் தெரியும். றெயில் ஒன்று போனது. கொட்டிலின் தகரம் எல்லாம் ஆடியது. அவள் நிமிரவில்லை.

எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அதில் ஒரு சிக்கலும் இல்லை. முதல் முறையிலேயே பிடித்துக்கொண்டது. அதுதான் பயங்கரம். போத்தல் வேண்டாம், சொட்டு வேண்டாம், கெஞ்சல் வேண்டாம். டக டக என்று மாவு மில் மாதிரி. பழைய உடம்பு அதைத் தாங்காமல் நடுங்கியது. கண்ணாடி நடுங்கியது, கதவு நடுங்கியது, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அத்தானும் நடுங்கினார். அவர் நடுக்கம் எது, காரின் நடுக்கம் எது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. மண்ணெண்ணெய் மணம் இல்லை. ஏதோ ஒரு லொறியின் மணம்.

“ஓடுது,” என்றார் அத்தான். பாஸ் மட்டும் கைதட்டினான். பிறகு அவனும் நிறுத்திவிட்டான்.

வீட்டுக்கு அதிலேயே போனோம். அக்கா பின் சீற்றில் இருந்தாள். முன்னுக்கு வரச் சொன்னேன். “நடுவில தடி,” என்றாள். வீதியில் கண்ட யாரும் இந்த முறை தொப்பி கழற்றவில்லை. சத்தத்தைக் கேட்டு உழவு இயந்திரம் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த நாள் காலமை நான் வவுனியாவுக்கு வெளிக்கிட்டேன். அக்கா காய் பிடுங்குகிற கொக்கத்தடியோடு கிணற்றடி மூலையில் நின்றாள். நான் போய்ச் சேருவதற்குள் நாலைந்து தேங்காய் தொப்பு தொப்பென்று விழுந்துவிட்டன. அத்தானின் விதை மரம்.

“அக்கா, அத்தான் ஏசப் போறார். அதில பிடுங்கக்கூடாதெல்லே.”

“இனி என்ன காவல் அதுக்கு,” என்றாள். குரலில் கோவம் இல்லை. வேறு ஒன்றும் இருக்கவில்லை. காய்களை உரப்பையில் போட்டு வாயைக் கட்டித் தந்துவிட்டு, கூட்டுமாறை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போய்விட்டாள். படலை வரைக்கும் வரவில்லை. எப்போதும் வருகிறவள்.

அத்தான் என்னைக் காரில் மாங்குளம் சந்திக்குக் கொண்டுவந்தார். எஞ்சினை நிற்பாட்டவில்லை. பற்றறி வீக்காம், நிற்பாட்டினால் திரும்ப எழும்புமோ தெரியாதாம். கடைக்காரர்கள் காதைப் பொத்துகிற சத்தம். அந்தச் சத்தத்துக்குள், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முன் கண்ணாடியைப் பார்த்தபடி அவர் கத்தினார். இரகசியம் சொல்லவும் கத்த வேண்டியிருந்தது.

“நான் எடுத்தனான், தம்பி.”

“எதை?”

“பழசை. வந்து ரெண்டாம் வருசமே. கிணத்தடி மூலையில. தண்ணி போய், உள்ளுக்கெல்லாம் வெடிச்சு, கறல் பிடிச்சு, ஒண்டுக்கும் உதவாமல் கிடந்தது. மேல அவன்ர சறத்தால சுத்தி இருந்தான். அவன் வீட்டில உடுக்கிற அந்த நீலச் சறம். உரப்பை உக்கினாலும் அது உக்கேல்லை.” அணையப் பார்த்த எஞ்சினுக்கு அக்சிலேற்றரை மிதித்தார். “அப்பிடியே மூடினனான். மேல தென்னை வைச்சனான். கிடைச்சிட்டுது எண்டு சொன்னால், அவன் வந்து எடுக்க ஒண்டும் இல்லையெண்டு ஆகியிடும். உன்ர அக்கா என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு இருப்பா?”

“அப்ப பிறகு ஒவ்வொரு வருசமும் கிண்டினது?”

“சும்மா. இல்லாத இடமாப் பாத்துக் கிண்டினது. இனி எனக்கு ஏலாது.”

மடியில் உரப்பை கனத்தது. இனி என்ன காவல் என்று அவள் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போது தெரிந்ததோ, கிணற்றடியில் அவர் மண் மூடியதைக் குசினி யன்னலால் பார்த்தாளோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டே வருசா வருசம் எங்கே கிண்டப் போறியள் என்று கேட்டிருக்கிறாள். அவருக்காக அவள் கேட்டாள், அவளுக்காக அவர் கிண்டினார். இப்போது இரண்டு பேருக்கும் வேலையில்லை.

பஸ் வந்தது. நடத்துனர் யன்னலால் தலையை நீட்டி வவுனியா, வவுனியா என்று கூவினான். நான் இறங்கினேன். அத்தான் அப்போதுதான் பையைக் கவனித்தார்.

“என்ன அது?”

“தேங்காய். அக்கா தந்தவா.”

“எந்த மரத்துக்காய்?”

பொய் சொல்ல நேரம் இருந்தது. சொல்ல வரவில்லை.

“கிணத்தடி.”

அவர் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்தார். கார் அவரை ஆட்டிக்கொண்டிருந்தது. பஸ் நகரத் தொடங்க, நான் ஓடிப்போய்ப் படியில் தொற்றினேன். பின்னால் அவர் குரல் அந்த மில் சத்தத்துக்கு மேலால் வந்தது.

“போய்ச் சேர்ந்தவுடனை அவவுக்குப் போன் எடு. காய் நல்லாயிருக்குது எண்டு சொல்லு, தம்பி. வேறை ஒண்டும் சொல்லாதை.”